பழைய கைப்பேசியை விற்கும் முன்: டெல்கோ பூட்டு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் பழைய போனை விற்கக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "இதை அன்லாக் பண்ணணுமா?" என்றுதான். டெல்கோ, அதாவது தொலைபேசிச் சேவை நிறுவனம், தன் சிம் மட்டுமே வேலை செய்யும்படி போனில் போடும் பூட்டைத் திறப்பதைத்தான் அப்படிக் கேட்கிறார்கள். இங்கே வாங்கிய போன் என்றால் வேண்டாம். வெளிநாட்டிலிருந்து வந்த போன் என்றால் வேண்டியிருக்கலாம். ஆனால் எந்த நாட்டுப் போனாக இருந்தாலும் திறந்தே ஆகவேண்டிய இன்னொரு பூட்டு இருக்கிறது. அதைப் பலர் மறந்துவிட்டு, போனை விற்ற மறுநாள் வாங்கியவரிடமிருந்து அழைப்பு வந்த பிறகுதான் தேடுகிறார்கள். இரண்டையும் பற்றிய பதில்கள் கீழே.

ஸ்டார்ஹப்பில் இரண்டு ஆண்டு ஒப்பந்தத்தில் வாங்கிய போன். விற்கும் முன் பூட்டைத் திறக்க வேண்டுமா?

வேண்டாம். அதில் பூட்டே இல்லை. சிங்கப்பூரில் டெல்கோக்கள் தங்கள் சிம் மட்டுமே வேலை செய்யும்படி கைப்பேசியைப் பூட்டி விற்க விதிமுறை இடம் கொடுப்பதில்லை. சிங்டெல், ஸ்டார்ஹப், எம்1, சிம்பா எதில் வாங்கியிருந்தாலும் அடுத்த நிறுவனத்தின் சிம்மைப் போட்டால் வேலை செய்யும். ஆப்பிள் கடையிலோ முஸ்தபாவிலோ முழு விலை கொடுத்து வாங்கிய உள்ளூர் போனுக்கும் இதேதான்.

அப்படியென்றால் சில கடைகளில் அன்லாக் பண்ணக் காசு கேட்கிறார்களே?

எந்தப் பூட்டைத் திறக்கப் போகிறீர்கள் என்று நேராகக் கேளுங்கள். உள்ளூரில் வாங்கிய போனுக்கு டெல்கோ பூட்டைத் திறப்பதாகச் சொன்னால் காசு கொடுக்காதீர்கள். இல்லாத வேலைக்குக் கூலி அது. திரைப்பூட்டு மறந்துபோனது, கூகல் கணக்கு மாட்டிக்கொண்டது ஆகியவை வேறு பிரச்சினைகள். கடையில் எல்லாவற்றையும் அன்லாக் என்ற ஒரே சொல்லில் சொல்லிவிடுவதால் குழப்பம் வருகிறது.

ஒப்பந்தம் முடிய இன்னும் சில மாதங்கள் இருக்கின்றன. போனை மட்டும் விற்கலாமா?

விற்கலாம். ஒப்பந்தம் உங்கள் எண்ணையும் மாதத் திட்டத்தையும்தான் கட்டுகிறது. போனை விற்றாலும் மாதக் கட்டணம் வந்துகொண்டே இருக்கும். இடையில் முறித்தால் முன்கூட்டியே விலகுவதற்கான கட்டணம் கட்ட வேண்டும். போன் விற்ற காசு அந்தக் கட்டணத்துக்குச் சரியாகப் போய்விடும் என்றால் ஒப்பந்தத்தை முறிப்பதில் பொருளில்லை. சிம்மை வேறொரு போனில் போட்டுக்கொண்டு தொடருங்கள்.

ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். காலம் முடிந்ததும் போனைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்ற வகைத் திட்டமாக இருந்தால் அந்தப் போன் உங்களுடையதல்ல, விற்கக் கூடாது. ஒப்பந்தத் தாளில் அது எழுதியிருக்கும்.

சரி, எந்தப் போன்களில்தான் டெல்கோ பூட்டு இருக்கும்?

வெளிநாட்டில் டெல்கோ மூலம் வாங்கிய போன்களில். நம் குடும்பங்களில் இது அடிக்கடி நடக்கிறது. அமெரிக்காவில் வேலை பார்க்கும் அண்ணன் புதுப் போன் வாங்கியதும் பழையதைக் கொடுத்துவிட்டுப் போவார். ஜப்பானில் படித்துவிட்டு வந்த பிள்ளை அங்கே வாங்கிய ஐபோனைக் கொண்டுவரும்.

அமெரிக்காவில் இந்தப் பழக்கம் இன்னும் வலுவாக இருக்கிறது. டி-மொபைல், ஏடி அண்ட் டி போன்ற நிறுவனங்கள் தவணையில் கொடுக்கும் போன்கள் பணம் முழுதும் கட்டி முடியும்வரை பூட்டியே இருக்கும். மற்ற பல நாடுகளில் நிலைமை மாறிவிட்டது. கனடாவில் 2017 டிசம்பர் முதல் புதிய போன்களைப் பூட்டாமல்தான் விற்க வேண்டும். ஜப்பானில் 2021 அக்டோபரிலிருந்தும் பிரிட்டனில் 2021 டிசம்பரிலிருந்தும் அப்படியே. ஆகவே அந்த நாடுகளின் போன் என்றால் எந்த ஆண்டு வாங்கியது என்று கேட்டுவிட்டு அப்புறம் கவலைப்படலாம்.

என் போன் பூட்டியிருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஐபோனில் செட்டிங்ஸ், அதில் ஜெனரல், அதில் அபௌட். கீழே தள்ளிக்கொண்டே போனால் 'கேரியர் லாக்' என்று ஒரு வரி வரும். அதற்கு நேரே 'நோ சிம் ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்' என்றிருந்தால் பூட்டு இல்லை. விளம்பரம் போடும்போது அந்தத் திரையையும் படம் எடுத்துப் போடுங்கள். வாங்குபவர் கேட்கும் கேள்விகளில் பாதி அதிலேயே முடிந்துவிடும். ஆனால் அதே திரையில் வரிசை எண்ணும், ஒவ்வொரு போனுக்கும் தனி அடையாளமான ஐஎம்இஐ எண்ணும் இருக்கும், அவற்றை மறைத்துவிடுங்கள்.

ஆண்ட்ராய்டில் எல்லா நிறுவனத்துக்கும் பொதுவான வரி கிடையாது. சிம் போட்டுப் பார்ப்பதே நம்பகமான வழி. வெளிநாட்டுப் போனில் எந்த உள்ளூர் சிம்மைப் போட்டாலும் தெரிந்துவிடும்: பூட்டு இருந்தால் நெட்வொர்க் அன்லாக் குறியீட்டைக் கேட்கும், அல்லது சிம்மை ஏற்க மாட்டேன் என்று செய்தி வரும். வைஃபையில் வாட்ஸ்அப் போகிறதே என்று திருப்திப்பட்டுவிடாதீர்கள். சிம் வழியாக ஓர் அழைப்பு போக வேண்டும், ஓர் அழைப்பு வர வேண்டும்.

அமெரிக்காவிலிருந்து வந்த போன் பூட்டியிருக்கிறது. எப்படித் திறப்பது?

பூட்டிய நிறுவனம்தான் முறையாகத் திறக்க முடியும். ஆப்பிளோ சாம்சங்கோ இங்கிருக்கும் டெல்கோவோ திறந்து தர மாட்டார்கள்.

முதலில் போனில் *#06# அழுத்துங்கள். 15 இலக்க ஐஎம்இஐ எண் வரும். இரண்டு சிம் போடும் போனில் இரண்டு எண்கள் வரும், இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு போனைக் கொடுத்தவரிடம் அவருடைய டெல்கோ கணக்கிலிருந்து திறக்கும் கோரிக்கையைப் போடச் சொல்லுங்கள். நிறுவனத்துக்கு நிறுவனம் நிபந்தனை மாறும், ஆனால் மூன்று எல்லாரும் பார்ப்பவை: தவணை முழுதும் கட்டியாகிவிட்டதா, அந்த நிறுவனத்தின் சேவையில் குறிப்பிட்ட காலம் போன் ஓடியிருக்கிறதா, தொலைந்தது அல்லது திருடுபோனது என்ற புகார் இருக்கிறதா. இந்த மூன்றும் சரியாக இருந்தால் பெரும்பாலும் காசு வாங்காமலே திறந்துவிடுவார்கள்.

அண்ணன் அங்கே அந்தக் கணக்கை வைத்திருக்கும்போதே கேட்டுவிட வேண்டும். அவர் டெல்கோ மாறிய பிறகு, பழைய கணக்கின் பாஸ்வேர்டு மறந்த பிறகு கேட்டால் வேலை பல மடங்காகும். தவணை பாக்கி வைத்துவிட்டுப் போனவருடைய போன் என்றால் இன்னும் மோசம். அங்கே அது, நெட்வொர்க்கில் சேர்க்காத போன்களின் தடைப்பட்டியலில் போய்விடலாம்.

கோரிக்கை ஏற்கப்பட்ட பின் ஐபோனில் தனியாக எந்தக் குறியீடும் அடிக்க வேண்டியதில்லை. வைஃபையில் இணைத்து உள்ளூர் சிம்மைப் போட்டால் ஆப்பிளின் பதிவேட்டைப் பார்த்துத் தானே திறந்துகொள்ளும். ஆண்ட்ராய்டில் சிலவற்றில் குறியீடு அனுப்புவார்கள், சிலவற்றில் செட்டிங்ஸிலேயே அதற்கான இடம் இருக்கும். குறியீட்டை ஊகித்து அடித்துப் பார்க்காதீர்கள். சில தடவைகளுக்கு மேல் தவறினால் போன் நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளலாம்.

இணையத்தில் ஐஎம்இஐ எண்ணைக் கொடுத்தால் திறந்து தருவதாகச் சொல்கிறார்களே?

என்னைக் கேட்டால் வேண்டாம் என்பேன். முன்பணம் வாங்கிக்கொண்டு காணாமல் போகிறவர்கள் அதில் அதிகம். ஒருவேளை திறந்தாலும் எந்த வழியில் திறந்தார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. முறையற்ற வழியில் திறந்ததென்று டெல்கோ கண்டுபிடித்தால் திரும்பவும் பூட்டிவிடலாம். அப்போது போன் வேறொருவர் கையில் இருக்கும், உங்கள் பெயர் கெடும்.

இன்னொரு வகை, சிம்மோடு ஒட்டி வைக்கும் மெல்லிய சிப். பூட்டிய ஐபோனை ஏமாற்றித் தற்காலிகமாக வேலை செய்ய வைக்கும். மென்பொருளைப் புதுப்பித்ததும் நின்றுபோகக்கூடும். அப்படியொரு சிப் வைத்து ஓட்டும் போனைத் திறந்த போன் என்று சொல்லி விற்பது ஏமாற்று. பூட்டியது என்று சொல்லிக் குறைந்த விலைக்கு விற்றுவிடுங்கள். பாகங்களுக்காக வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

பூட்டு திறந்துவிட்டது, டேட்டா வருகிறது. ஆனால் அழைப்பு மட்டும் போகவில்லை. ஏன்?

இது இப்போது அதிகம் வரும் கேள்வி, காரணமும் பூட்டு அல்ல. சிங்கப்பூரில் 2ஜி 2017 ஏப்ரலில் நிறுத்தப்பட்டது. 3ஜி சேவையும் 2024இல் நின்றது. இப்போது குரல் அழைப்பு பெரும்பாலும் 4ஜி வழியாகத்தான் போக வேண்டும், அதற்கு வோல்ட்டி என்ற வசதி போனில் இருக்க வேண்டும். இங்கே சிக்கல் என்னவென்றால், போனில் அந்த வசதி இருந்தாலும் சிங்கப்பூர் டெல்கோக்களின் அமைப்பு அந்த மாடலில் ஏற்றப்படாமல் இருக்கலாம். வேறு நாட்டுச் சந்தைக்காகத் தயாரான சில ஆண்ட்ராய்டு போன்களில் இப்படி ஆகிறது. முன்பெல்லாம் இந்தப் போன்கள் அழைப்பு வந்தால் தானாக 3ஜிக்கு இறங்கிக்கொள்ளும், குறை வெளியே தெரியாது. இப்போது இறங்குவதற்கு இடமில்லை.

மொபைல் நெட்வொர்க் அமைப்பில் வோல்ட்டி அல்லது 4ஜி காலிங் என்ற பொத்தான் அணைந்திருந்தால் போட்டுப் பாருங்கள். மென்பொருளைப் புதுப்பியுங்கள். வேறொரு நெட்வொர்க்கின் சிம்மையும் போட்டுப் பாருங்கள், ஒன்றில் வராதது இன்னொன்றில் வரலாம். ஆனால் கோமோ என்பது சிங்டெல் நெட்வொர்க், கிகா என்பது ஸ்டார்ஹப் நெட்வொர்க். பெயர் வேறாக இருப்பதால் நெட்வொர்க்கும் வேறு என்று எண்ணிவிடாதீர்கள்.

எதிலும் வரவில்லை என்றால் வாங்குபவரிடம் சொல்லிவிடுங்கள். வைஃபையில் படம் பார்க்கவும் பிள்ளைகள் படிக்கவும் மட்டும் போன் தேடுகிறவர்களுக்கு அது போதும்.

அமெரிக்க ஐபோனில் சிம் போடும் இடமே இல்லையே?

ஐபோன் 14 முதல் அமெரிக்காவில் விற்கும் மாடல்களில் சிம் தட்டு கிடையாது, இசிம் (போனுக்குள்ளேயே பதியும் சிம்) மட்டும்தான். இங்குள்ள டெல்கோக்கள் இசிம் கொடுப்பதால் சிங்கப்பூரில் பயன்படுத்தலாம். ஆனால் விளம்பரத்தில் முதல் வரியிலேயே எழுதுங்கள். ஊருக்குப் போய் வரும்போதெல்லாம் சிம் மாற்றிப் போடுகிறவர் இதை வாங்கிவிட்டு வருத்தப்படுவார்.

சாம்சங் பெட்டியில் குறிப்பிட்ட வட்டார சிம் மட்டும் என்று ஒட்டியிருக்கிறது. இதுவும் டெல்கோ பூட்டா?

இல்லை, இது வட்டாரப் பூட்டு. அந்த வட்டாரத்து சிம்மை முதலில் போட்டுச் சில நிமிடங்கள் அழைப்பு பேசிவிட்டால் திறந்துகொள்ளும். ஏற்கெனவே பயன்படுத்திய போனில் பெரும்பாலும் அது எப்போதோ முடிந்திருக்கும்.

ஊரில் இஎம்ஐயில் வாங்கிய போனை இங்கே விற்கலாமா?

தவணை முழுதும் முடிந்திருந்தால் விற்கலாம். இந்தியாவில் கடனுக்குக் கொடுக்கும் போன்கள் பலவற்றில், தவணை தவறினால் தூரத்திலிருந்தே போனை முடக்கும் செயலியைப் போட்டே கொடுத்திருக்கிறார்கள். ரீசெட் செய்தாலும் அது போகாது. கடன் முடிந்ததும் கடன் கொடுத்த நிறுவனம் அதை நீக்க வேண்டும், நீக்கிவிட்டார்களா என்று பார்த்துவிட்டு விற்பனைக்குப் போடுங்கள். வேலையிடத்தில் கொடுத்த போனிலும் இதுபோன்ற நிர்வாகக் கட்டுப்பாடு இருக்கும். அது நிறுவனத்தின் சொத்து, விற்கும் பேச்சே வேண்டாம்.

ஆரம்பத்தில் சொன்ன "இன்னொரு பூட்டு" எது?

கணக்குப் பூட்டு. இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றைத்தான் படிக்க நேரமிருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

ஐபோனில் ஃபைண்ட் மை (தொலைந்த போனைத் தேடும் வசதி) போட்டிருந்தால் ஆக்டிவேஷன் லாக் தானாகச் சேர்ந்தே வரும். 2013இலிருந்து இப்படித்தான். போனை முழுதும் அழித்தாலும் உங்கள் ஆப்பிள் கணக்கின் பாஸ்வேர்டு இல்லாமல் அடுத்தவர் உள்ளே போக முடியாது. ஆண்ட்ராய்டில் 2015 வாக்கில் இதேபோன்ற பாதுகாப்பு வந்தது. கடைசியாக இருந்த கூகல் கணக்கைக் கேட்டுக்கொண்டு நிற்கும். சாம்சங், ஷாவ்மி போன்களில் அந்த நிறுவனத்தின் கணக்கும் தனியாகப் பூட்டும்.

திருடனுக்கு எதிராக வைத்த பூட்டு, உங்களிடம் நேர்மையாகக் காசு கொடுத்து வாங்கியவரையும் வெளியே நிறுத்திவிடும். தங்கும் விடுதியில் இருக்கும் ஒரு தம்பி சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கிய போன் அது என்றால், அவருக்கு அது எவ்வளவு பெரிய இழப்பு என்று நினைத்துப் பாருங்கள்.

ஐபோனில் செய்ய வேண்டியது: ஆப்பிள் வாட்ச் இருந்தால் முதலில் இணைப்பை நீக்குங்கள். பிறகு செட்டிங்ஸில் மேலே உங்கள் பெயரைத் தொட்டுக் கீழே போய் 'சைன் அவுட்' செய்யுங்கள், பாஸ்வேர்டு கேட்கும். அதற்குப் பிறகு ஜெனரல், 'ட்ரான்ஸ்ஃபர் ஆர் ரீசெட்', 'இரேஸ் ஆல் கன்டென்ட் அண்ட் செட்டிங்ஸ்'. இசிம்மை வைத்துக்கொள்ளவா அழிக்கவா என்று கேட்டால், புதிய போனுக்கு மாற்றிவிட்டீர்கள் என்பது உறுதியான பின் அழிக்கச் சொல்லுங்கள்.

ஆண்ட்ராய்டில் திரைப்பூட்டை எடுங்கள். அக்கவுண்ட்ஸ் பகுதிக்குப் போய் கூகல் கணக்கு எத்தனை இருந்தாலும் ஒவ்வொன்றாக நீக்குங்கள், சாம்சங் அல்லது ஷாவ்மி கணக்கையும் நீக்குங்கள். அதன் பிறகே செட்டிங்ஸ் வழியாக ஃபேக்டரி ரீசெட். பொத்தான்களை அழுத்திப் பிடித்து ரெக்கவரி திரையிலிருந்து அழிக்காதீர்கள். கணக்கு நீக்காமல் அப்படி அழித்தால் போன் அதைத் திருட்டாக நினைத்துப் பூட்டிக்கொள்ளும்.

அழித்த பின் போனை ஒருமுறை ஏற்றி, மொழி தேர்ந்தெடுத்து, வைஃபை இணைத்து, அடுத்த திரை வரை போய்ப் பாருங்கள். பழைய கணக்கைக் கேட்கவில்லை என்றால் வேலை முடிந்தது. அந்த இடத்திலேயே அணைத்துவிடுங்கள்.

போனை விற்றுவிட்டேன், இப்போதுதான் கணக்கு நீக்காதது நினைவுக்கு வந்தது.

ஐபோன் என்றால் வேறு எந்தக் கருவியிலிருந்தும் ஐகிளவுட் தளத்தில் நுழைந்து, அந்தப் போனை அழித்துவிட்டு, கணக்கிலிருந்து நீக்கலாம். ஆண்ட்ராய்டில் பெரும்பாலும் வாங்கியவரை நேரில் பார்த்து நீங்களே பாஸ்வேர்டு அடித்துக் கொடுக்க வேண்டியிருக்கும். பாஸ்வேர்டை வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள், எவ்வளவு நல்லவராகத் தெரிந்தாலும்.

சிங்பாஸ், வங்கிச் செயலிகளை என்ன செய்வது?

இதற்கு முன்கூட்டியே நேரம் ஒதுக்குங்கள். பழைய போன் கையில் இருக்கும்போதே அரசுச் சேவைகளில் நுழைய உதவும் சிங்பாஸைப் புதிய போனில் பதிந்து, ஒருமுறை உள்ளே போய்ப் பாருங்கள். வங்கிப் பரிவர்த்தனைகளைப் போனிலேயே உறுதிசெய்யும் டிஜிட்டல் டோக்கனையும் அப்படியே மாற்றுங்கள். புதிய போனில் டோக்கன் பதிந்ததும் உடனே எல்லாவற்றையும் செய்ய விடமாட்டார்கள். மோசடியைத் தடுக்க 12 மணி நேரமாவது காத்திருப்பு வைத்திருக்கிறார்கள். சம்பள நாளில், வீட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டிய நேரத்தில் போனை மாற்றினால் அவதிதான்.

வாட்ஸ்அப்பில் பேச்சுகளையும் படங்களையும் அழிக்கும் முன்பே மாற்றுங்கள். ஐபோனின் ஐகிளவுட் காப்பை ஆண்ட்ராய்டில் மீட்க முடியாது. கேபிள் வைத்து இரண்டு போனையும் இணைத்துத்தான் மாற்ற வேண்டும், அதற்கு இரண்டும் கையில் இருக்க வேண்டும்.

அழித்த படங்களை வாங்கியவர் மீட்டு எடுத்துவிடுவாரா?

கடந்த சில ஆண்டுகளில் வந்த போன்களில் தகவல்கள் குறியாக்கத்தோடுதான் இருக்கும். ரீசெட் செய்யும்போது அதைத் திறக்கும் சாவியே அழிந்துபோகும், மிச்சமிருப்பதை யாரும் படிக்க முடியாது. ஆகவே முறையாக ஒருமுறை அழித்தால் போதும். ஆனால் மெமரி கார்டு இந்தக் கணக்கில் வராது. அதைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

சிம்மையும் சேர்த்துக் கொடுக்கலாமா? வாங்குபவர் கேட்கிறார்.

கூடவே கூடாது. ப்ரீபெய்ட் சிம்மும் உங்கள் கடவுச்சீட்டு அல்லது அடையாள அட்டை விவரத்தில்தான் பதிவாகியிருக்கிறது. அந்த எண்ணை வைத்து யாராவது மோசடி செய்தால் போலீஸ் தேடி வருவது உங்களைத்தான். உங்கள் பெயரில் இருக்கும் சிம்மைப் பிறர் தவறாகப் பயன்படுத்தக் கொடுப்பது 2025 ஜனவரி 1 முதல் தனிக் குற்றம். 10,000 வெள்ளி வரை அபராதம், மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம். சிம்முக்குத் தனியாகக் காசு தருகிறேன் என்று யாராவது சொன்னால் அந்த விற்பனையையே விட்டுவிடுங்கள்.

எங்கே விற்பது நல்லது?

விலை வேண்டுமென்றால் கரோசல் என்ற இணையச் சந்தை, வேலை சீக்கிரம் முடிய வேண்டுமென்றால் கடை. சிம் லிம் ஸ்குவேரிலும் தேக்கா பக்கத்திலும் விசாரித்துவிட்டு விற்றால் விலை நிலவரம் புரியும். ஒரே கடையில் சொன்ன விலைக்குக் கொடுத்துவிடாதீர்கள். கடைக்காரர் அடையாள அட்டை அல்லது வேலை அனுமதி அட்டையைக் கேட்டுக் குறித்துக்கொள்வார். திருட்டுப் போன் கைமாறாமல் இருக்க அப்படிச் செய்கிறார்கள்.

கரோசலில் விற்றால் எம்ஆர்டி நிலையம் போல ஆள்நடமாட்டம் உள்ள இடத்தில் சந்தியுங்கள். அவர் தன் சிம்மைப் போட்டுச் சோதிக்க நேரம் கொடுங்கள். பேநவ்வில் (வங்கிக்கு உடனடியாகப் பணம் அனுப்பும் வசதி) பணம் அனுப்பிவிட்டதாக அவர் காட்டும் திரையை நம்பாமல், உங்கள் வங்கிச் செயலியில் பணம் வந்திருப்பதைப் பார்த்த பிறகு போனைக் கொடுங்கள். பணம் பெறுவதற்கு இந்த இணைப்பைத் திறந்து வங்கி விவரத்தைக் கொடுங்கள் என்று வாங்குபவர் எதையாவது அனுப்பினால் அவர் வாங்க வந்தவர் அல்ல. சந்தேகம் இருந்தால் 1799 என்ற ஸ்கேம்ஷீல்டு உதவி எண்ணில் கேட்கலாம்.

விளம்பரத்தில் ஐஎம்இஐ எண்ணைப் போடலாமா?

பொதுவில் போடாதீர்கள். நேரில் வந்தவர் *#06# அழுத்திப் பார்க்கட்டும், பெட்டியில் இருக்கும் எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று சரிபார்க்கட்டும். பெட்டியும் ரசீதும் இருந்தால் விலையும் கொஞ்சம் கூடும்.

பூட்டும் திறக்கவில்லை, யாரும் வாங்கவும் இல்லை. குப்பையில் போட்டுவிடலாமா?

பேட்டரி இருப்பதால் வீட்டுக் குப்பையில் போடாதீர்கள், தீப்பிடிக்கும் ஆபத்து இருக்கிறது. கடைத்தொகுதிகளிலும் சமூக மன்றங்களிலும் மின்கழிவுத் தொட்டிகள் வைத்திருக்கிறார்கள். கணக்குகளை நீக்கி, சிம்மையும் மெமரி கார்டையும் கழற்றிவிட்டு அதில் போடுங்கள். பேட்டரி உப்பியிருந்தால் தொட்டிக்குள் போடாமல், எங்கே ஒப்படைப்பது என்று கேட்டு நேரில் கொடுங்கள்.